அப்பாவின் வால்வு ரேடியோக்களை விற்க விளம்பரம் கொடுத்தேன்: வருகிற அழைப்புகளில் யாரை நம்புவது?

பாளை டீச்சர்

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன், ஓய்வுபெற்ற தமிழாசிரியை. என் அப்பாவுக்கு ரேடியோ என்றால் உயிர். மரப்பெட்டியில் ஒரு மர்பி, பேக்கலைட் என்கிற பழைய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பிலிப்ஸ், பிஸ்கட் டின் நிறைய உதிரி வால்வுகள் (இந்த ரேடியோக்களுக்குள் செருகும் கண்ணாடிக் குழாய்கள்) ஆகியவற்றை விட்டுச் சென்றிருக்கிறார். இன்னும் சில மாதங்களில் மகளோடு இருக்கக் கோவைக்குப் போகிறோம். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு; இவற்றுக்கு இடம் இல்லை. பழைய பொருள்கள் விற்கும் ஒரு செயலியில் படங்களையும் என் கைபேசி எண்ணையும் போட்டு, "வீடு காலி செய்வதால் அவசர விற்பனை" என்று எழுதினேன்.

வந்த அழைப்புகளில் மூன்றைச் சொல்கிறேன்.

முதல் ஆள், ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னார். சொன்ன விலைக்கு மறுபேச்சில்லை. அடையாள அட்டையின் படத்தை உடனே அனுப்பினார். "பொருளை எடுக்க வண்டி வரும், பணத்தை இப்போதே போடுகிறேன்" என்று ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, அதை ஸ்கேன் செய்து என் யூபிஐ பின் எண்ணைப் போட்டால் பணம் ஏறிவிடும் என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். விடாமல் அழைக்கிறார்.

இரண்டாவது ஆள் நல்ல தமிழ் பேசினார். ரேடியோவுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறதா என்று கேட்டார். பூண்டுப் பல்லை அருகில் கொண்டுபோனால் விலகி ஓட வேண்டுமாம், கண்ணாடியில் அதன் நிழல் தெரியக் கூடாதாம். இருந்தால் லட்சக்கணக்கில் தருவாராம். அதற்கு முன் "சோதனைக் கட்டணம்" நான் கட்ட வேண்டுமாம்.

மூன்றாவது, சுரண்டையிலிருந்து ஓர் இளைஞர். பின்பலகையைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்புங்கள், வால்வுகளின் எண் என்ன, டயல் முள்ளை நகர்த்தும் நூல் அறுந்திருக்கிறதா, கடைசியாக எப்போது பாடியது என்று கேள்விமேல் கேள்வி. விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "இவ்வளவு குடைகிறானே, இவன்தான் ஏமாற்றுக்காரன்" என்கிறார் என் வீட்டுக்காரர். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ரதவீதி

டீச்சர், முதல் ஆளின் எண்ணை இப்போதே முடக்கிவிடுங்கள். பின் எண் போடுவது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்குத்தான். நமக்குப் பணம் வருவதற்கு எந்தப் பின் எண்ணும் வேண்டாம், எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம். அந்த ராணுவ அட்டை வேறு யாருடையதோவாக இருக்கும். இந்த வேடம் நாடு முழுக்கப் பழசாகிப்போன ஒன்று. மற்ற இருவரைப் பற்றி எனக்குத் தெரியாது. அம்பை அண்ணாச்சி வந்து சொல்லட்டும்.

அம்பை வால்வு

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. டீச்சர், நான் அம்பாசமுத்திரத்தில் ரேடியோக் கடை வைத்திருந்தவன். கடை இப்போது இல்லை. வீட்டு மாடியில் மேசையும் சூட்டுக்கோலும் மட்டும் மிச்சம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: சுரண்டைப் பையன்தான் வாங்குகிற ஆள். பழைய ரேடியோ வாங்க நினைப்பவனுக்கு மனதில் ஆயிரம் பயம் இருக்கும். டயல் கண்ணாடி விரிந்திருக்குமோ, டிரான்ஸ்பார்மர் எரிந்திருக்குமோ, யாராவது உள்ளே கைவைத்து டிரான்சிஸ்டர் போர்டைச் செருகியிருப்பார்களோ என்று. அதனால்தான் குடைகிறான். மோசடிக்காரனுக்கு உங்கள் மர்பி மரமா மண்ணா என்பதே தேவையில்லை. அவன் பேச்சு முழுவதும் பணம் எப்படி வரும், எப்போது வரும் என்பதிலேயே நிற்கும். திருநெல்வேலிச் சீமையில் கத்தரிக்காய்க்கே பேரம் பேசாமல் பையை விரிக்க மாட்டார்கள். பார்க்காத ரேடியோவுக்குச் சொன்ன விலையை ஒருவன் ஒப்புக்கொள்கிறான் என்றால், அவன் அந்த விலையைத் தரப்போவதில்லை என்றுதான் பொருள்.

சிவப்புப் பாதரசக் கதையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். 2009இல் சவூதி அரேபியாவில் இதே வதந்தி கிளம்பி, பழைய தையல் மிஷின்களைக் கொள்ளை விலைக்கு வாங்கினார்கள். பிறகு நம் பக்கம் பழைய ரேடியோவுக்கும் கறுப்பு வெள்ளை டெலிவிஷனுக்கும் வந்து சேர்ந்தது. நல்ல செட்டுகளைச் சுத்தியலால் பிளந்து தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைக்கவும் செய்யாது. வீட்டு ரேடியோவின் வால்வுக்குள் பாதரசமே கிடையாது, உள்ளே இருப்பது வெற்றிடம். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளிபோல் பளபளக்கிற பூச்சு பேரியம். மிச்சம்மீதி வாயுவை உறிஞ்சிக்கொள்வதற்காக வைத்தது. அது பால் நிறத்தில் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்துவிட்டது. பூண்டை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். "சோதிக்க வருகிறோம்" என்று வீட்டுக்கு யாராவது வந்தால் கதவைத் திறக்காதீர்கள்.

பாதரசம் இல்லையே தவிர, அந்த பிஸ்கட் டின்னுக்கு மதிப்பு இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஈஎல்84, ஈசிசி83 போன்ற எண்கள் இருந்தால், வால்வு ஆம்ப்ளிபயர் கட்டுகிறவர்கள் தேடி வாங்குவார்கள். சிலர் ரேடியோவை வாங்குவதே உள்ளே இருக்கும் வால்வுக்காகத்தான். உருவிக்கொண்டு பெட்டியை எறிந்துவிடுவார்கள். "ரேடியோவோடு அந்த டின்னையும் சும்மா போடுங்கள் அம்மா" என்று கேட்கிறவனிடம் கொடுத்துவிடாதீர்கள். டின்னைத் திறந்து ஒவ்வொரு வால்வின் எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்று மட்டும் கவனம்: தூசி இருக்கிறதே என்று துணியால் துடைக்காதீர்கள். கண்ணாடிமேல் உள்ள எழுத்து விரல் பட்டாலே அழிந்துவிடும். எண் போன வால்வை யாரும் நம்பி வாங்க மாட்டார்கள்.

அடுத்தது, இது பணத்தைவிடப் பெரிய விஷயம். யார் கேட்டாலும் அந்த செட்டுகளை நேராக பிளக்கில் செருகிப் பாட வைக்காதீர்கள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கண்டென்சர்கள் வருடக்கணக்கில் சும்மா இருந்ததில் கெட்டுப்போயிருக்கும். வெடிக்கலாம், டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போகலாம். பிலிப்ஸைத் திறந்து வால்வு எண்களைப் பாருங்கள். யூசிஎல், யூஒய் என்று "யூ"வில் தொடங்கினால், அனேகமாக அது ஏசி, டிசி இரண்டிலும் ஓடுகிற வகை. மின்சாரம் நேரடியாக உள்ளே இருக்கும் சேசிஸில், அதாவது பாகங்களைப் பொருத்திய இரும்புத் தட்டில், ஏறி நிற்கும். பின்பலகை இல்லாமல் தொட்டால் ஆளையே தூக்கி எறியும். வருகிறவன் விஷயம் தெரிந்தவன் என்றால் நூறு வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு (அந்த பல்பு வழியாகவே செட்டுக்கு மின்சாரம் விடுகிற பலகை) ஒன்றைக் கையோடு கொண்டுவருவான், இல்லையென்றால் பாட வைக்கச் சொல்லவே மாட்டான். "போட்டுக் காட்டுங்கள், அப்போதுதான் வாங்குவேன்" என்று அவசரப்படுத்தினால், "பாடாத நிலையில் உள்ளபடி விற்பனை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். விளம்பரத்திலும் அப்படியே எழுதுங்கள்; பின்னால் தகராறு வராது.

விளம்பரத்தில் "வீடு காலி", "அவசரம்" இரண்டையும் இன்றே எடுத்துவிடுங்கள். முதல் சொல் திருடனுக்குச் சேதி, இரண்டாவது பேரக்காரனுக்குச் சேதி. படத்தில் பின்னால் பீரோவும் வாசல் எண்ணும் தெரிகின்றனவா என்றும் பாருங்கள்.

தென்காசிக் கணக்கர்

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் பணப் பகுதியை மட்டும் நான் சொல்கிறேன்.

ஒன்று, குறுஞ்செய்தி வந்தது என்பதற்காகப் பணம் வந்தது என்று நினைக்கக் கூடாது. வங்கியிலிருந்து வந்ததுபோலவே செய்தி தயாரிக்கிறார்கள். பணம் செலுத்தியதுபோல் ஸ்கிரீன்ஷாட் காட்டும் போலிச் செயலிகளும் உண்டு. உங்கள் கணக்கின் இருப்பை நீங்களே திறந்து பார்த்த பிறகுதான் பொருள் வாசலைத் தாண்ட வேண்டும். "நான்காயிரத்துக்குப் பதில் நாற்பதாயிரம் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று பதறுகிறவனும் இந்தக் கூட்டம்தான். அவன் எதையும் போட்டிருக்க மாட்டான்.

நீங்கள் யாருக்காவது பணம் அனுப்ப நேர்ந்தால், பின் எண் போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரை வாசியுங்கள். 2025 ஜூன் இறுதியிலிருந்து, வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்று யூபிஐ செயலிகளுக்கு விதி இருக்கிறது. பேசுகிறவர் ஒரு பெயரும் திரை வேறு பெயரும் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இன்னொன்று. மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் வங்கி முழுப் பணத்தையும் தந்துவிடும் என்று நம்புகிறார்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அந்தச் சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் தவறு இல்லாமல் அவருக்குத் தெரியாமலே நடந்த பரிவர்த்தனைக்கானது. உங்கள் கையால் பின் எண் போட்டு அனுப்பியதை அது அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் பணம் போய்விட்டால் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். அந்தப் பணம் கைமாறுவதற்குள் தகவல் போனால் எதிராளியின் கணக்கில் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்து, உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

களக்காட்டான்

டீச்சரின் கேள்விக்கு நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். நான் வாங்குகிற பக்கம். வடநாட்டு நகரம் ஒன்றிலிருந்து "நூறு வருடப் பழைய எச்எம்வி கிராமபோன்" என்று ஒருவர் விற்கிறார். பித்தளைக் குழல் தங்கம்போல் மின்னுகிறது, நாய்ப் படம் போட்ட பட்டயமும் இருக்கிறது. பாதிப் பணம் முன்பணம் கேட்கிறார். ஆசையாக இருக்கிறது. அனுப்பலாமா அண்ணாச்சி?

அம்பை வால்வு

அனுப்ப வேண்டாம் தம்பி. அது வராமல் போனால் பணம் நஷ்டம். வந்து சேர்ந்தால் அதுவும் நஷ்டம்தான். புதுப் பித்தளைக் குழலையும் புதுப் பெட்டியையும் எங்கிருந்தோ கழற்றிய மோட்டாரையும் சேர்த்துப் புதிதாகச் செய்து, நாய்ப் பட்டயத்தை ஆணியடித்துப் பழையது என்று விற்கிற தொழில் நம் நாட்டில் நெடுநாளாக நடக்கிறது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் எத்தனையோ பேர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நூறு வருடம் மனிதர் கை பட்ட பொருளில் சாவி போடும் ஓட்டையைச் சுற்றித் தேய்மானம் இருக்கும், திருகாணித் தலையில் காயம் இருக்கும், தட்டின் துணி ஒரு பக்கம் நைந்திருக்கும். அழகுக்கு வைக்கத்தான் வேண்டும் என்றால் புதியது என்றே சொல்லி விற்கிறவனிடம் அதற்கான விலையில் வாங்கு.

அசலோ போலியோ, இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு தாளில் இன்றைய தேதியையும் உன் ஊர்ப் பெயரையும் எழுதி, கிராமபோன் அருகே வைத்து வீடியோ எடுக்கச் சொல். கேமராவை நிறுத்தாமல் சாவி கொடுத்துத் தட்டைச் சுற்றவிட்டு, பிறகு பெட்டியின் அடிப்பக்கத்தையும் காட்ட வேண்டும். பொருளைக் கையில் வைத்திருப்பவனுக்கு இது கொஞ்ச நேர வேலை. இணையத்தில் எடுத்த படத்தை வைத்து விற்கிறவன் "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று கோபிப்பான். கோபித்தால் நல்லது, செலவு மிச்சம். ரேடியோ என்றாலும் இதே முறைதான். பாடுகிறது என்று சொன்னால் எந்த நிலையத்தைப் பாடுகிறது என்று கேள். நெல்லை வானொலியின் மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸ். மீட்டர் கணக்கில் எழுதிய பழைய டயலில் 250ஐ ஒட்டி வரும். முள் எங்கேயோ நிற்க, பாட்டு மட்டும் சுத்தமாகக் கேட்டால் பெட்டிக்குள் புளூடூத் ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கிறது.

தென்காசிக் கணக்கர்

களக்காட்டுத் தம்பிக்கு ஒரு வார்த்தை. சந்தை விலையில் கால் பங்குக்கு நல்ல பொருள் வந்தால், ஏமாற்றாக இல்லாவிட்டால் திருட்டாக இருக்கலாம். திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வேண்டிய நாள் வந்தால், கையெழுத்துப் போட்ட ரசீது கையில் இருக்க வேண்டும்.

பாளை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. விளம்பரத்தைத் திருத்திவிட்டேன். ராணுவ ஆளிடம் "என் தம்பி சைபர் கிரைமில் இருக்கிறான், அவனிடம் பேசுகிறீர்களா" என்றேன். பிறகு அழைப்பே இல்லை. எனக்குத் தம்பியே கிடையாது.

சுரண்டைப் பையன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்கிறார். வெளியே எங்காவது சந்திப்பதுதான் பாதுகாப்பு என்று மகள் சொல்கிறாள். மர்பியை யார் தூக்கிக்கொண்டு போவது? இன்னொன்று, சென்னையில் ஒருவர் பிலிப்ஸைப் பார்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்கிறார். அனுப்பலாமா?

அம்பை வால்வு

கேமரா, கடிகாரம், பேனா என்றால் மகள் சொல்வது சரி. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், பகலில், வண்ணார்பேட்டையில் ஒரு காப்பிக் கடையில் முடித்துவிடலாம். மர்பி நகராது. செட்டை முன்னறையில் வாசலை ஒட்டி ஒரு மேசைமேல் வைத்துவிடுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும், உள்ளறைகளுக்குப் போகிற கதவு சாத்தியிருக்கட்டும். பக்கத்து வீட்டாரையும் காப்பிக்குக் கூப்பிட்டு வையுங்கள். பையனிடம் "வீட்டில் வேறு யாரையாவது கூட்டி வாருங்கள் தம்பி" என்று சொல்லுங்கள். ஒழுங்கான பிள்ளை என்றால் சந்தோஷப்படுவான். அவனுக்கும் உங்களைப் பற்றிப் பயம் இருக்கும்.

ரசீது இரண்டு பிரதி. மாடல், சேசிஸில் அடித்திருக்கும் வரிசை எண், விலை, "பாடாத நிலையில் உள்ளபடி", தேதி, இருவர் கையெழுத்து. ஐயாயிரத்துக்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஆதார் நகலைக் கேட்டால் முழு எண் தெரிகிறதைக் கொடுக்காதீர்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரைப் பதிவிறக்க வழி இருக்கிறது, அது போதும்.

சென்னைக்காரருக்கு அனுப்பலாம், ஆனால் முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகு. அதற்கு முன் அவர் பார்க்கக் கேட்கிற படமெல்லாம் எடுத்துக் கொடுங்கள். பேக்கலைட் அப்பளம், லாரியில் ஒரு குலுக்கல் போதும், மூலையில் விரியும். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எது எந்த இடம் என்று குறித்து, தனித்தனியாகச் சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள். குமிழ்களையும் கழற்றுங்கள். பெட்டிக்குள் சேசிஸ் ஆடாதபடி காகிதம் திணித்து, அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு அட்டைப்பெட்டி. இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிக்குத் தெர்மகோல். கட்டுவதற்கு முன், சேசிஸின் உள்பக்கம் பென்சிலால் அப்பாவின் கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டு, அதையும் வரிசை எண்ணையும் காட்டி, கட்டி முடிக்கும் வரை ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். "உடைந்து வந்தது" என்று திருப்பி அனுப்பும்போது வேறொரு செத்த செட்டை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். காப்பீடு செய்து அனுப்புங்கள். அந்தச் செலவு அவருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பாளை டீச்சர்

சுரண்டைப் பையன் தன் அப்பாவோடு வந்தார். நீங்கள் சொன்ன சீரிஸ் போர்டு ஒரு மஞ்சள் பையில் இருந்தது! பல்பு பிரகாசமாக எரிந்தது. "உள்ளே ஷார்ட் இருக்கிறது, நான் சரி செய்துகொள்கிறேன்" என்று ஐந்நூறு குறைத்துக் கேட்டார், கொடுத்துவிட்டோம். பணத்தை எங்கள் எதிரிலேயே அனுப்பினார்; கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்துவிட்டே ரசீது எழுதினோம். என் வீட்டுக்காரர் அவரோடு இலங்கை வானொலிக் காலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

பின்பலகைக்கு உள்ளே அஞ்சலகத்தில் கட்டணம் கட்டிய அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருந்தது. பையன் அதையும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கொடுக்கலாமா?

அம்பை வால்வு

கொடுக்காதீர்கள் டீச்சர். அதில் அப்பாவின் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கும். ரேடியோ லைசென்ஸ் 1980களிலேயே போய்விட்டது. செட் வைத்திருக்க அவனுக்கு அது தேவையில்லை. முகவரியை மறைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், சந்தோஷப்படுவான். உள்ளே கட்டணத்துக்காக ஒட்டிய லைசென்ஸ் ஸ்டாம்புகள் இருந்தால் கிழிக்காமல் வையுங்கள். அவற்றைச் சேர்க்கிறவர்கள் தனிக் கூட்டம்; விற்பதாக இருந்தால் முதலில் படத்தை இங்கே போடுங்கள்.